ஃப்ரிட்ஜ் கதவில் ஆறு ஸ்டிக்கர்

கம்பவுண்டர் எந்த நாய்க்குட்டியைப் பார்த்தாலும் முதலில் அதன் வாயில் விரலை விடுவார். பெயர் கேட்பது, கொஞ்சுவது, எடை போடுவது எல்லாம் அப்புறம். ஆள்காட்டி விரல் ஈறின் மேல் இடமிருந்து வலம் ஒரு முறை போய்வரும். வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்வார்.

"வெளங்கிடும்."

பால் பற்கள் மூன்றாவது வாரம் எட்டிப் பார்க்கும். ஆறாவது வாரம் வாய் நிறைந்துவிடும். நாற்பத்தைந்து நாள் குட்டி என்று சொல்லி விற்கப்பட்டதன் வாயில் முன்பல் ஊசிமுனை அளவுக்குத்தான் நிற்கும். அப்படியென்றால் இருபத்தைந்து நாள், மிஞ்சிப்போனால் இருபத்தெட்டு. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்க வேண்டியது, ரிப்பன் கட்டிய கூடைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும். வாங்கியவர்கள் அதைக் குளிர் என்று நினைத்துக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டிருப்பார்கள்.

அவர் இறந்து பதினொரு வாரம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் ஒரே க்ளினிக்கில் வேலை பார்த்தார். முதல் பாதி பெரிய டாக்டரிடம், பிற்பாதி அவருடைய மருமகள் டாக்டரம்மாவிடம். கம்பவுண்டர் என்பது பெரிய டாக்டர் காலத்துப் பட்டம். மருந்து கலக்கும் வேலை எப்போதோ ஒழிந்துபோய்விட்டது. நாயைப் பிடித்துக்கொள்வது, நகம் வெட்டுவது, காது துடைப்பது, புண்ணுக்கு ஊதா மருந்து தடவுவது, டாக்டரம்மா தடுப்பூசி போட்டதும் புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது, இவைதான் வேலை. ஊதா மருந்தினால் வலது கட்டைவிரல் வருடம் முழுக்க ஊதாவாகவே இருக்கும். மகளின் பட்டமளிப்பு விழாப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய விரல்தான் முதலில் கண்ணில் படும்.

க்ளினிக்கில் இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு பெஞ்சும் ஒரு தராசும். பின்னறையில் எஃகு மேசை, கழுவுதொட்டி, மூலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். வருகிறவர்கள்மீது கோபம் வந்தால் கம்பவுண்டர் தராசைப் பார்த்துப் பேசுவார். ஆளைப் பார்த்துப் பேசக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பனிப் பிரதேசத்து நாயை வாங்கி மூன்றாவது மாடித் தகரக் கூரைக்குக் கீழே கட்டிவைத்த ஒருவர், இது ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "உன்னைக் கொண்டுபோய் அங்க கட்டினாத் தெரியும்" என்று கம்பவுண்டர் தராசிடம் சொன்னார். நாய் வாங்குவதற்கு முன்னால் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாங்கிய பிறகு ஆயிரம் கேட்பார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் முப்பத்தொரு வருடமும் அவருடைய குறை.

அந்தக் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தன. விற்றவரைப் பிள்ளைகள் பப்பி மாமா என்று கூப்பிட்டார்கள். அவரே அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். வெள்ளைச் சட்டை, வாசனை, வாய் நிறையச் சிரிப்பு. கூடையோடு வீட்டுக்கே வந்து, பெரியவர்களிடம் ஒன்றும் பேசாமல் நேராகப் பிள்ளையின் மடியில் குட்டியை வைத்துவிடுவார். அதற்கப்புறம் எந்தத் தகப்பனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

அவர் அடிக்கடி க்ளினிக்குக்கும் வருவார். பூச்சி மருந்து வாங்க, சந்தேகம் கேட்க, சிலநேரம் சும்மா. பின்னறைக்கு வந்து ஃப்ரிட்ஜின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்று கதை பேசுவார். டாக்டரம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் வருகிற ஆளை வராதே என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் மகராசியைக் கொண்டு வருவார்.

மகராசி ஒரு பெண் பக். சப்பை மூக்கு, கருத்த முகம், வெளிர் பழுப்பு உடம்பு. அந்தப் பெயரை வைத்தது கம்பவுண்டர். ஊரில் ஓடுகிற பக் குட்டிகளில் மூன்றில் ஒன்று அவள் வயிற்றில் பிறந்தது என்பது அவர் கணிப்பு. அந்த இனத்துக்குத் தலை பெரிது, இடுப்பு சிறிது. தானாகப் பிரசவிப்பது கடினம். ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் மூன்றாவது தடவையாக அவளை மேசையில் கிடத்தியபோது பழைய தழும்பின் மேலேயே கத்தி வைக்க வேண்டியிருந்தது. கருப்பையை எடுத்துவிடலாம், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டரம்மா கெஞ்சாத குறையாகக் கேட்டார். பப்பி மாமா சிரித்தார். அடுத்த தடவை பார்க்கலாம் டாக்டர், இவ என் வீட்டு மகாலட்சுமி என்றார்.

அன்று ஏழு குட்டிகள். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கம்பவுண்டர் துண்டில் வாங்கி, மூக்கில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவழைத்தார். ஒன்றுக்கு வரவில்லை. ஆறு அழுதன. கடைசிக் குட்டியோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டினார். அது கத்தியபோது இவர் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆறும் தன் கையில் பிறந்தவை என்றுதான் அதற்குப் பிறகு சொல்லுவார்.

இனி ஸ்டிக்கர்.

தடுப்பூசி மருந்துக் குப்பியின் மேல் உரித்தெடுக்கக்கூடிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் மருந்தின் பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சாகியிருக்கும். ஊசி போட்டதும் அதை நாயின் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். அதுதான் அத்தாட்சி. ஆனால் பாதிப் பேர் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஸ்டிக்கரைக் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். அதனால் கம்பவுண்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஸ்டிக்கரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிடுவார். அடுத்த தடவை புத்தகம் வரும்போது உரித்து அதில் ஒட்டுவார். பலர் வரவே மாட்டார்கள். எனவே கதவில் எப்போதும் இருபது முப்பது ஸ்டிக்கர் வரிசையாக இருக்கும். ஒன்று கூட வீணாகாது என்று அவருக்குப் பெருமை. கையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள் அண்ணா என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

ஒரு நாள் கைப்பிடிக்கு மேலே இருந்த ஒரு வரிசை, ஆறு ஸ்டிக்கர், காணவில்லை. டாக்டரம்மா கதவைத் துடைத்திருப்பார் என்று இவர் நினைத்தார். இவர் எடுத்துவிட்டார் என்று டாக்டரம்மா நினைத்தார். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகராசிக்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, ஒரு காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் துண்டில் சுற்றிய குட்டியோடு ஓடி வந்தார். பின்னால் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள். குட்டி பக். துண்டில் ரத்தமும் நாற்றமும். கதவைத் திறக்கும்போதே அந்த நாற்றம் கம்பவுண்டருக்குப் புரிந்துவிட்டது. பார்வோ. குடலை அரித்துத் தின்னும் வைரஸ். தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் வராது, போடாத குட்டிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

"ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு. நீங்கதானே போட்டீங்க? பப்பி மாமா புத்தகத்தோடதான் குடுத்தாரு" என்றார் ஓட்டுநர். சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் அறைந்தார்.

ஸ்டிக்கர் இருந்தது. மருத்துவர் கையெழுத்துப் போடும் இடத்தில் புழு நெளிந்த மாதிரி ஒரு கிறுக்கல். ஸ்டிக்கரின் ஓரத்தில், வளைவு வளைவான கோடுகளோடு, பாதி கட்டைவிரல் ரேகை. ஊதா நிறம்.

கம்பவுண்டர் தன் விரலைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார். முழங்கை ஊன்றி நின்ற வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது.

குட்டி மதியம் வரை இருந்தது. அவர் கையில் மூச்சு வந்த ஆறில் ஒன்று, அதே கையில் போயிற்று. ஓட்டுநர் மூத்த பெண்ணிடம், இனிமேல் டாக்டர் புத்தகத்தை நம்பாதே என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். கம்பவுண்டர் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த எல்லா ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

மீதி ஐந்து எங்கே இருக்கின்றன என்று தெரியாது. ஐந்து வீட்டில் ஐந்து புத்தகம் இருக்கும். ஒவ்வொன்றிலும் இவருடைய விரல் இருக்கும். போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டு யாரும் ஊசிக்கு வர மாட்டார்கள். ஒன்றுக்கு நோய் வந்துவிட்டது. கூடப் பிறந்தவை ஒரே கூண்டில் கிடந்தவை. நாளைக்கோ மறுநாளோ ஒன்று ஒன்றாகத் தொடங்கும்.

அன்று சாயங்காலமே பப்பி மாமாவைத் தேடிப் போனார். டயர் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இத்தனை வருடத்தில் அவர் அந்த இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதற்காகப் பின்னால் தன்னையே பலமுறை திட்டிக்கொண்டார். மூன்று அடுக்காகக் கம்பிக் கூண்டுகள். மேல் அடுக்கின் மூத்திரம் நடு அடுக்கில், நடு அடுக்கின் மூத்திரம் கீழ் அடுக்கில். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்நிய ஆள் வந்தால் குரைக்காத முப்பது நாயை அவர் அதுவரை பார்த்ததில்லை. கீழ் அடுக்கின் மூலையில் மகராசி கிடந்தாள். தையல் போட்ட இடம் சிவந்திருந்தது. இவர் வாசனை தெரிந்து வாலின் நுனியை மட்டும் அசைத்தாள்.

குட்டிகளை வாங்கியவர்கள் யார் என்று கேட்டார். பப்பி மாமாவுக்குச் சிரிப்பு குறையவில்லை.

"அண்ணே, காய் வாங்கிட்டுப் போறவன் விலாசத்தைக் காய்க்காரன் எழுதி வச்சுக்குவானா?"

"ஒரு குட்டி செத்துப்போச்சுங்க."

"குட்டின்னா ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியாததா?"

"ஸ்டிக்கரை எடுத்தது நீங்க."

"ஃப்ரிட்ஜ் உங்களுது. ஸ்டிக்கர் உங்களுது. அதுல இருக்கிற விரலும் உங்களுது. இதுல நான் எங்கண்ணே வர்றேன்?"

கம்பவுண்டர் திரும்பி நடந்தார். சரியான பதில் மூன்று நாள் கழித்து, பல் தேய்க்கும்போது வந்தது என்று பின்னால் சொல்வார். அது என்ன என்று மட்டும் சொல்ல மாட்டார். சொல்லக்கூடிய வார்த்தை இல்லையாம்.

நகராட்சியில் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது. இன்ன நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டுத்தான் அவர்கள் வருவார்கள். அந்த நாளில் கொட்டகையில் நான்கு நாய்தான் இருக்கும், நான்கும் குளித்திருக்கும். மூன்றாவது புகாரையும் எழுதிப் போட்டார். ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் ஐந்து குட்டியும் போய்ச் சேர்ந்துவிடும்.

மறுநாள் மகள் க்ளினிக்குக்கு வந்தாள். அவளுக்குத் தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. லாரியை ஏற்றும் எடைமேடையிலிருந்து மருந்துக்கடைத் தராசு வரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அப்பாவின் தராசையும் சும்மா பார்த்துக் கொடுப்பாள். பெட்டியிலிருந்து எடைக்கற்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் இருவருக்குமே கிடையாது. எத்தனை ஸ்டிக்கர், எந்தத் தேதிக்குள், எண் குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எண் பதிவேட்டில் இருந்தது. ஆறும் ஒரே எண்.

"தராசு தப்புன்னு தெரிஞ்சா நாங்க தராசை மட்டும் சரி பண்ணிட்டுப் போறதில்லைப்பா. கடைசியா அது சரியா இருந்த நாளிலேருந்து யார் யாருக்கு எடை போட்டாங்களோ அத்தனை பேருக்கும் சொல்லணும்."

"யாருன்னே தெரியாதேம்மா."

"அப்ப எல்லாருக்கும் சொல்லுங்க. கதவுல எழுதி ஒட்டுங்க."

"என்னன்னு எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்க."

அவர் எழுந்து ஒரு சுற்று நடந்தார். கதவில் ஒட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். இத்தனை வருடம் சேர்த்த ஒரே சொத்து, அவர் ஒட்டினால் சரியாக இருக்கும் என்ற பேச்சு. அது அந்தக் காகிதத்தோடு போய்விடும். வேலையும் போகலாம்.

டாக்டரம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. க்ளினிக் பெயர் கெட்டுப்போகும் என்றார். வேண்டுமானால் சில புத்தகங்களில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது என்று பொதுவாகப் போடலாம் என்றார். தவறு என்ற சொல் எதற்கு என்றார். கம்பவுண்டர் முதல் முறையாக அவரையே பார்த்துப் பேசினார்.

"கோளாறுன்னு போட்டா எவன் வருவான் டாக்டரம்மா? ஊசி போடலைன்னு போட்டாத்தான் ஓடி வருவான். பேரு என்னுது போடுறேன். நீங்க போடச் சொன்னதா எங்கயும் சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒட்டும் டேப்பை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எண்ணைப் போடுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். கம்பவுண்டருக்கு அது பிடிக்கவில்லை. பத்து இலக்க எண்ணை எவன் படிப்பான்? எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டாமா? அவர் இப்படி எழுதினார்:

"நாய்க்குட்டி வாங்கியவர்கள் கவனிக்கவும். உங்கள் புத்தகத்தில் உள்ள ஸ்டிக்கரில் ஊதா விரல் கறை இருந்தால் உங்கள் குட்டிக்கு ஊசி போடப்படவில்லை. அந்த ஸ்டிக்கர் இங்கே ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து திருடப்பட்டது. திருடும்படி அங்கே ஒட்டிவைத்தது என் தவறு. உடனே குட்டியோடு வரவும். இலவசம். கம்பவுண்டர்."

அதைப் படியெடுத்து மருந்துக்கடைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் நாய் பிஸ்கெட் விற்கும் கடைகளிலும் ஒட்டினார்.

மறுநாள் காலை க்ளினிக் வாசலில் நாற்பத்து மூன்று நாய்கள் நின்றன.

இத்தனை வருடமாக அந்த ஊரில் ஒட்டப்பட்ட ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஊதா விரல் இருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. கிழட்டு நாய்கள் வந்தன. தள்ளுவண்டியில் ஒன்று வந்தது. நாயே செத்து நான்கு வருடமான ஒரு பெரியவர், அப்படியானால் அது அதனால்தான் செத்ததா என்று புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். பதினான்கு வயதில் செத்த நாய் அது. ஒரு அம்மாள் பூனையைக் கொண்டு வந்தார். பூனைக்குப் புத்தகமே கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று வந்தாராம். வரிசையில் இரண்டு நாய்கள் கட்டிப்புரண்டன. அவற்றின் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் கம்பவுண்டரைத் திட்டினார்கள். பப்பி மாமாவை ஒருவரும் திட்டவில்லை. அவர் எவ்வளவு தன்மையான மனிதர் என்று ஒருவர் இவரிடமே சொன்னார்.

"வெளங்கிடும்" என்றார் தராசிடம்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் எண்ணைப் போடச் சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அதிகம் உறைத்தது.

பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று புத்தகங்களையும் அவர் எண்ணோடு எண்ணாக ஒத்துப் பார்த்தார். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் மகராசியின் குட்டிகள் நான்கு வந்து சேர்ந்தன. நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் அக்காவும் தங்கையும் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அது நன்றாக இருந்தது, ஊசி போட்டார்கள். ஒன்றை அடுக்குமாடிக் காவலாளி கொண்டு வந்தார். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், நோட்டீசைப் பார்த்துவிட்டு இவராகவே தூக்கி வந்திருந்தார். அதற்கும் போட்டார்கள். ஒன்றுக்கு வாந்தி தொடங்கியிருந்தது. ஐந்து நாள் பின்னறையிலேயே தனிக் கூண்டில் வைத்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அது பிழைத்தது. நான்காவதன் சொந்தக்காரர் வெறும் கழுத்துப்பட்டையோடு வந்தார். அதை மேசைமேல் வைத்தார். திரும்பிப் போய்விட்டார்.

பொய் ஸ்டிக்கரை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. உரித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. மகளிடம் கேட்டார்கள். தவறான பதிவை அழிக்கக் கூடாது, படிக்கிற மாதிரி குறுக்கே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், எங்கள் வேலையில் அப்படித்தான் என்றாள். கம்பவுண்டர் அப்படியே செய்தார். ஒற்றைக் கோடு. பக்கத்தில் "போடவில்லை" என்று எழுதி, கையெழுத்து. அதற்குக் கீழே புது ஸ்டிக்கர். இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு ஒட்டினார்.

ஐந்தாவது வரவில்லை.

வேலை போகவில்லை. பேர் போனது. ஃப்ரிட்ஜ் கம்பவுண்டர் என்று கொஞ்ச நாள் சொன்னார்கள். நகராட்சிக்காரர்கள் கடிதம் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது கொட்டகையில் டயர்கள்தான் இருந்தன. பப்பி மாமா மச்சான் வீட்டுப் பக்கம் தொழிலை மாற்றிவிட்டார் என்று பேச்சு. போகும்போது மகராசியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஒரு காலையில் க்ளினிக் கதவுக் கம்பியில் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தாள். தையல் பிரிந்து சீழ் வைத்திருந்தது. இனி குட்டி தங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். நோட்டீசுக்கு நேர் கீழே கட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் கட்டியிருப்பார் என்பது கம்பவுண்டரை வெகுநாள் கொதிக்க வைத்தது.

சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லாததால் இந்தத் தடவை யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா கருப்பையை எடுத்தார். கம்பவுண்டர் அவளை வீட்டுக்குக் கொண்டு போனார். நாய் முகத்தில் பகல் முழுக்க விழிக்கிறீர்கள், வீட்டிலாவது என் முகத்தில் விழிக்கக் கூடாதா என்று மனைவி கேட்டார். இரண்டு வாரத்தில் நாய்க்குத் தனித் தலையணை வந்துவிட்டது. மகராசிக்குப் புல்லில் நடக்கத் தெரியவில்லை. கம்பியைத் தவிர எதையும் மிதித்திராத கால். ஒவ்வொரு அடியையும் தூக்கித் தூக்கி வைப்பாள். தினமும் அவரோடு க்ளினிக்குக்கு வந்து ஃப்ரிட்ஜ் அடியில் வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் படுத்துக்கொள்வாள்.

ஐந்தாவதை அவர் விடவில்லை. தெருவில் பக் நாயோடு யாராவது போனால் வண்டியை நிறுத்திவிடுவார். எப்போது வாங்கினீர்கள், புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார். திருடன் என்று நினைத்து ஒருவர் விரட்டினார். வாயில் விரல் விடப் போய் ஒரு பெண்மணியிடம் குடையால் அடி வாங்கினார். செத்துப்போயிருக்கும், விடுங்கள் என்று மனைவி சொன்னார். செத்திருந்தால் திட்டவாவது வந்திருப்பார்கள் என்பது அவர் வாதம். ஒவ்வொரு வருடமும் பழைய நோட்டீஸ் வெளுத்ததும் புதிது எழுதி ஒட்டினார். இரண்டாவது வருடத்திலிருந்து அதில் எண்ணும் இருந்தது.

மூன்றாவது வருடம், ஒரு மத்தியான நேரத்தில், காப்பீட்டு முகவர் ஒருவர் பக் ஒன்றை நகம் வெட்டக் கொண்டு வந்தார். உருண்டு திரண்டு, தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. புத்தகத்தைக் கேட்டார் கம்பவுண்டர். முகவர் பையைக் கிளறி எடுத்தார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர். அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். ஊதாக் கறை இல்லை. ஆனால் எண் இருந்தது. அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு மெதுவாக, வாசலில் நோட்டீஸ் ஒன்று இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"பார்த்தேனே. அப்பவே பார்த்தேன். பஸ் ஸ்டாப்ல."

"அப்புறம் ஏங்க வரலை?"

"அதான் ஸ்டிக்கர் இருக்கே சார். எதுக்கு ரெண்டு தடவை குத்தணும்னு விட்டுட்டேன்."

"ஊதாக் கறை இருந்தா போடலைன்னு எழுதியிருந்துச்சே?"

"கறை இருந்துச்சு. ஈரத்துணி வச்சுத் துடைச்சேன், போயிருச்சு" என்றார் முகவர்.

கம்பவுண்டர் தராசைப் பார்த்தார். தராசு என்ன செய்யும்? மூன்று வருடமாக இந்த ஒன்றுக்காக வெயிலில் வண்டியை நிறுத்தி ஊராரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். ஊருக்கெல்லாம் காப்பீடு விற்கிற ஆள். கம்பவுண்டர் நாயைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

பின்னறையில் டாக்டரம்மா ஊசியை எடுத்தார். ஃப்ரிட்ஜ் அடியிலிருந்து மகராசி எழுந்து வந்து மகனை ஒரு சுற்று மோந்து பார்த்தாள். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். கம்பவுண்டர் புத்தகத்தை விரித்து, பழைய ஸ்டிக்கரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். போடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு குனிந்து, பழக்கதோஷத்தில், நாயின் வாயில் விரலை விட்டார்.

அன்று சாயங்காலம் மகளை வீடியோ காலில் கூப்பிட்டார். அவள் ஒரு தொழிற்சாலையில் எடைமேடையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் லாரிச் சத்தம். அதற்குப் பிறகு அவர் ஏழு மாதம்தான் இருந்தார். ஆனால் அது அப்போது இருவருக்கும் தெரியாது.

"அஞ்சாவது வந்துடுச்சும்மா" என்றார். "நீ சொன்ன நம்பரை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். விரல் கறையைத் துடைச்சுட்டான் அந்தப் பாவி."

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஒட்டியாச்சு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? கையில என்ன?"

"கட்டு. கடிச்சுடுச்சு" என்றார். லாரி கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "பல்லெல்லாம் நல்லா இருக்கு."